பைக் வாங்கப் போறீங்களா? பின்ஸீட்டில் உட்காரப் போறவரையும் கூட்டிட்டுப் போங்க!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது பைக் ஷோரூமில் போய் நின்று பாருங்கள். ஐயா வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். டேங்க்கைத் தடவுவார், ஆக்ஸிலேட்டரை முறுக்குவார், 'பிக்-அப் எப்படி, மைலேஜ் எவ்வளவு' என்று ஆயிரம் கேள்வி கேட்பார். அம்மா? ஏ.ஸி. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருப்பார். "கலர் மட்டும் நீ சொல்லு" என்பதோடு அவர் வேலை முடிந்தது!

இத்தனைக்கும் அந்த வண்டியில் அவரும்தான் போகப் போகிறார். கோயில், கல்யாணம், அம்மா வீடு, ஆஸ்பத்திரி... வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பின்ஸீட்டில் அவர்தான். நாலு மாதம் போனதும் "இடுப்பு பிடிச்சுக்கிச்சுங்க", "பாதம் மரத்துப் போகுதுங்க" என்று ஆரம்பிக்கும். "உனக்கு வயசாயிடுச்சு" என்பார் கணவர். வயசு இல்லை ஸார், வண்டி! சரியாகச் சொன்னால், வண்டியின் பின்பாதி.

ஸ்ப்ளெண்டர் மாதிரி சின்ன வண்டியில் பத்து வருஷம் ஓட்டிவிட்டு, 'கொஞ்சம் பெரிசா, ரெண்டு பேர் சௌகரியமா போற மாதிரி ஒண்ணு வாங்கலாம்' என்று நினைக்கிற குடும்பங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. 220 சிசியிலிருந்து 400 சிசி வரை இருக்கிற வண்டிகள். இன்ஜின் பெரிசானால் சௌகரியமும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜின் பலம் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு சந்தோஷம். பின்னால் உட்காருகிறவரின் முதுகுக்கு அது வேறு கணக்கு.

பின்ஸீட்டில் என்ன நடக்கிறது?

ஒரே வண்டி, ஒரே ரோடு. ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்கவில்லை. பின்னால் இருப்பவருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? இரண்டு காரணம்.

முதலாவது, இடம். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்காருகிறார். பின்னால் இருப்பவரோ கிட்டத்தட்ட பின்சக்கரத்துக்கு நேர் மேலே! நகரப் பேருந்தில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? டிரைவருக்கு லேசாகத் தெரியும் பள்ளம் கடைசி ஸீட்காரரை ஒரு சாண் தூக்கிப் போடும். அதே கதைதான்.

இரண்டாவது காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. ஓட்டுகிறவருக்கு ஸ்பீடு பிரேக்கர் கண்ணுக்குத் தெரிகிறது. அவருக்கே தெரியாமல் உடம்பு தயாராகிவிடும். கால்களை அழுத்தி, பிருஷ்டத்தை அரை அங்குலம் தூக்கி, வயிற்றுத் தசைகளை இறுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு எதிரே தெரிவதெல்லாம் கணவரின் ஹெல்மெட்தான். பள்ளம் வருவதே தெரியாது. தசைகள் தளர்வாக இருக்கிற நேரத்தில் 'டமால்' என்று வரும் அடியை முழுசாக எலும்பும் ஜவ்வும் தாங்க வேண்டியதுதான்.

முதுகெலும்பு என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணிகள். நடுநடுவே மெத்தை மாதிரி ஜவ்வு. இதைத்தான் டாக்டர்கள் 'டிஸ்க்' என்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாரம் சமமாக இறங்கும். கூன் போட்டு உட்கார்ந்தால் ஜவ்வின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் பிதுங்கப் பார்க்கும். காலுக்குப் போகிற நரம்புகள் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆக, பின்ஸீட் உங்களை எப்படி உட்கார வைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இன்னொரு சங்கதி. உட்கார்ந்த நிலையில் மேலும் கீழுமாக நொடிக்கு நாலு முதல் எட்டு தடவை வரை குலுக்கினால் நம் உடம்பின் மேல்பாகம் அதோடு சேர்ந்து அதிகமாக ஆடும். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் உயர உயரப் போகிறதே, அது மாதிரி. மேடு பள்ளமான ரோட்டில் வண்டி ஸீட்டின் குலுக்கலில் இந்தத் தாளமும் கலந்தே வரும். தசைகள் அதை அடக்க வேலை செய்து செய்து களைத்துப் போகும். 'சும்மா உட்கார்ந்துதானே வந்தே, எதுக்கு இவ்வளவு டயர்டு?' என்று கேட்கிற கணவர்களே, பதில் இதுதான்!

முட்டியைப் பாருங்கள், ஸீட்டை அப்புறம் பார்க்கலாம்

ஷோரூமில் எல்லோரும் செய்கிற முதல் காரியம், ஸீட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பது. "ஆஹா, மெத்தை மாதிரி இருக்கே!" இங்கேதான் ஏமாறுகிறோம். இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் அவற்றில்தான் இறங்குகிறது. ரொம்ப மிருதுவான ஃபோம் என்றால், அரை மணி நேரத்தில் அந்த இரண்டு முண்டும் ஃபோமை அமுக்கிக்கொண்டு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் போய் முட்டும். அப்புறம் பலகையில் உட்கார்ந்த மாதிரிதான். கொஞ்சம் கெட்டியாக, ஆனால் அகலமாக இருக்கிற ஸீட்தான் ஒரு மணி நேரம் கழித்தும் உட்கார விடும்.

ஸீட்டைவிட முக்கியம், ஸீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கும் உயரம். உங்கள் மனைவியைப் பின்ஸீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். முட்டி இடுப்பைவிட மேலே போகிறதா? அந்த வண்டி வேண்டாம். முட்டி மேலே போனால் இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சாய்ந்து, முதுகு தானாகக் கூன் போடும். 'நிமிர்ந்து உட்காரு' என்று எத்தனை தடவை சொன்னாலும் முடியாது. ஏற்கெனவே முட்டி வலி இருப்பவர்களுக்கு, இறுக்கமாக மடங்கிய முட்டியோடு அரை மணி நேரம் என்பது தண்டனை.

இந்த ஒரு சோதனையிலேயே பந்தய மாடல் வண்டிகள் பல அடிபட்டுப் போகும். கேடிஎம் ஆர்ஸி 390 மாதிரி வண்டிகளில் பின்ஸீட் என்பது முன்ஸீட்டுக்கு மேலே மொட்டைமாடி போல நிற்கும், அகலமும் கிடையாது. காலேஜ் பையனுக்குப் பொருத்தம். குடும்பத்துக்கு அல்ல. பையன் "அதுதான் வேணும்ப்பா" என்று அடம் பிடித்தால், அவன் அம்மாவை அதில் ஒரு ரவுண்டு கூட்டிப் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் தீர்ப்பை அம்மாவே சொல்லிவிடுவார்!

விளம்பரத்தில் 'ஸீட் உயரம்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-க்கு 765 மில்லிமீட்டர், கிளாஸிக் 350-க்கு 805, ஹோண்டா ஹைனெஸ் சிபி350-க்கு 800, பஜாஜ் அவெஞ்சர் குரூஸுக்கு 737. இதெல்லாம் ஓட்டுகிறவரின் ஸீட். ஓட்டுகிறவருக்கு இது முக்கியம்தான். ஏனென்றால் பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். ஆனால் பின்ஸீட் எவ்வளவு உயரம் என்று யாரும் போடுவதில்லை. ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம் உள்ள ஒரு பெண்மணி, இன்னொருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற உயரம் அதுதான். ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, எந்த வண்டி?

'வளவளன்னு பேசாம பேரைச் சொல்லுங்க' என்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் உங்கள் இருவரின் உயரமும் எடையும் எனக்குத் தெரியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் 'பெரிய வண்டி' என்றால் ஒரு காலத்தில் புல்லட்தான். 1955-ல் மெட்ராஸில் உற்பத்தி ஆரம்பித்த வண்டி. திருவொற்றியூர் தொழிற்சாலை அந்தப் பேரோடு ஒட்டிக்கொண்டது. பழைய புல்லட்டில் அதிர்வு அதிகம். 'அந்த தடதடதான் அதுக்கு அழகு' என்பவர்கள் உண்டு; பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 2020 நவம்பரில் மீட்டியாரோடு வந்த புதிய 350 சிசி இன்ஜினில் 'பேலன்ஸர் ஷாஃப்ட்' என்று ஒன்று வைத்தார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் உதைக்கும்போது எதிர்ப்பக்கம் சுழன்று அந்த உதையைச் சமன் செய்கிற எடை. அடுத்து 2021-ல் கிளாஸிக்கும் அந்த இன்ஜினுக்கு மாறியது. பழைய வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் பின்ஸீட்காரரின் உள்ளங்காலுக்கு நன்றாகவே தெரியும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் எந்த வருஷத்து இன்ஜின் என்று பார்த்து வாங்குவது நல்லது.

மீட்டியார், அவெஞ்சர் போன்ற 'குரூஸர்' வகையில் வண்டி தாழ்வு; சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். மீட்டியாரின் சில வகைகளிலும் அவெஞ்சர் குரூஸிலும் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு திண்டு உண்டு. வண்டி சட்டென்று வேகமெடுக்கும்போது பின்னால் சரிந்துவிடுவோமோ என்ற பயம் இருப்பவர்களுக்கு அந்தத் திண்டு பெரிய தைரியம். ஆனால் ஒரு எச்சரிக்கை. குரூஸரில் ஓட்டுகிறவரின் கால் முன்னால் நீண்டிருக்கும். அதனால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழ முடியாது. அடி நேராக அவர் இடுப்புக்கே வரும். இடுப்பு வலி கணவருக்கு இருந்தால் நிமிர்ந்து உட்காருகிற கிளாஸிக், ஹைனெஸ் வகைதான் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு யாருக்கு என்றால், நீளமாக, தட்டையாக, ஒரே துண்டாக இருக்கிற ஸீட்டுக்கு. ஹைனெஸ்ஸில் அப்படித்தான். முன்னே பின்னே நகர்ந்து உட்கார இடம் கிடைக்கும். அந்தச் சின்ன நகர்தலே பாதி வலியைக் குறைக்கும். ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி உட்காருவதுதான் உடம்புக்கு ஆகாது. இரண்டு துண்டு ஸீட்டில் நகர வழியில்லை. அதே சமயம், பிரேக் போட்டால் முன்னால் சரியாமல் தடுக்கும் என்ற லாபம் அதில் உண்டு. ஹன்டர் 350 கொஞ்சம் எடை குறைவு, ஊருக்குள் வளைத்து ஓட்ட சுகம். ஆனால் 17 அங்குலச் சக்கரமும், ஆரம்பத்தில் வந்த கெட்டியான பின் ஷாக் அப்ஸார்பரும் பின்ஸீட்டுக்கு அவ்வளவாக ஒத்துவரவில்லை. 2025-ல் பின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். பழசு வாங்கினால் இதைக் கவனியுங்கள். டிவிஎஸ் ரோனின் 225 சிசிதான். எடை சுமார் 160 கிலோ. பெரிய வண்டியைத் தள்ளி நிறுத்தத் தெம்பு இல்லாதவர்கள் அதையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. கிளாஸிக் 195 கிலோ. எண்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம்! ஓடும்போது அந்த எடை நல்லது. லாரி கடந்து போகும் காற்றில் ஆடாது. நிற்கும்போதுதான் வம்பு. யூ-டர்ன் போடும்போது, பெட்ரோல் பங்க் சரிவில், வாசலில் திருப்பும்போது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், தோள் வலியோ கழுத்து வலியோ இருப்பவர்கள், ஸென்டர் ஸ்டாண்டைப் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிளட்ச்சையும் பத்துத் தடவை அமுக்கிப் பாருங்கள். அண்ணா சாலை டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்தில் அதை இருநூறு தடவை அமுக்க வேண்டியிருக்கும்!

'ஸ்கூட்டரே போதாதா?' நியாயமான கேள்வி. ஏறி இறங்க ஸ்கூட்டர் சுலபம்தான். பக்கத்துத் தெரு மார்க்கெட்டுக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் பத்து, பன்னிரண்டு அங்குலச் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆழமாக இறங்கி ஏறும். கிளாஸிக், ஹைனெஸ் வண்டிகளின் முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18. அதே பள்ளத்தை மேலோட்டமாகத் தாண்டிவிடும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் போகிற பழக்கம் உள்ள குடும்பத்துக்குப் பெரிய சக்கரம்தான் நல்லது.

காசு விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேலே போனால் 40 சதவிகிதம். இரண்டு பேர் 80 கிலோமீட்டர் வேகத்தில் சௌகரியமாகப் போக 350 சிசியே தாராளம். மிச்சமாகிற பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்கலாம்.

புடவையும் பைக்கும்

நம் பெண்களில் பலர் இன்னும் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் போகிறார்கள். தப்பு சொல்லவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர் வேறு என்ன செய்வார்? ஆனால் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இடுப்பு இடப்பக்கம் பார்க்கிறது. தோளும் முகமும் முன்னால் பார்க்கின்றன. துணி பிழிகிற மாதிரி முதுகெலும்பு முறுக்கியே இருக்கிறது. ஒரு கால்தான் ஃபுட்ரெஸ்ட்டில், இன்னொன்று தொங்குகிறது. பாரம் முழுக்க ஒரு பக்கம் இருப்பதால் கணவரும் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டுவார். ஆக, இரண்டு பேர் முதுகுக்கும் கேடு. பள்ளத்தில் தூக்கிப் போட்டால் பிடிமானமும் குறைவு.

கால் மணி நேரத்துக்கு மேல் போகிற பயணமென்றால் சுடிதாரோ பேன்ட்டோ போட்டு இருபுறமும் கால் போட்டு உட்காருவதே நல்லது. புடவையை மண்டபத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம். 'அதெல்லாம் எங்க வீட்ல ஒத்துவராது' என்றால், தட்டையான ஸீட், ஸாரி கார்டு, இரண்டு பாதமும் வைக்கிற மாதிரி அகலமான ஃபுட்ரெஸ்ட் தட்டு மூன்றும் இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கை கணவரின் இடுப்பைச் சுற்றி. இன்னொரு கை பின்னால் இருக்கும் கம்பியில். தோளை மட்டும் பிடித்தால் போதாது. பிரேக் போட்டதும் தோள் நழுவிவிடும்.

ஸாரி கார்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். 'லுக் கெட்டுப் போச்சு' என்று அதைக் கழற்றி மாட்டுத்தொழுவத்தில் போடுகிற ஆண்கள் எத்தனை பேர்! மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்கிறது தெரியுமா? பின்ஸீட் உள்ள வண்டியில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், ஃபுட்ரெஸ்ட் வேண்டும், பின்னால் இருப்பவரின் துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். மூன்றும் சட்டப்படி கட்டாயம். துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் முதலில் இழுபடுவது கழுத்து. கார்டு இருந்தாலும் துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இருபுறமும் கால் போடும்போது புதிதாக ஒரு ஆபத்து வருகிறது. பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கம் ஸைலன்ஸர். இடப்பக்கமாகவே உட்கார்ந்து பழகியவர்கள் இறங்கும்போது கெண்டைக்காலில் சுட்டுக்கொள்வார்கள். எனவே ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இடப்பக்கமே. சுட்டுவிட்டால் பேஸ்ட், மஞ்சள், இங்க், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், சுத்தமான துணியால் மூடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் புண் சின்னதானாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ஹெல்மெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கறாராக்கினார்கள். இருந்தும் 'கொண்டை நசுங்கும், பூ கசங்கும்' என்ற பேச்சு ஓயவில்லை. தாழ்வாகப் பின்னல் போடுங்கள். பூவை டப்பாவில் எடுத்துப் போய் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, அவரவர் தலைக்குச் சரியாக இருப்பதாக வாங்குங்கள். கணவரின் பழைய ஹெல்மெட்டை மனைவிக்குத் தள்ளிவிடுவது கூடாது. பெரிய ஹெல்மெட் தலையில் ஆடும், கழுத்தை இழுக்கும், விழுந்தால் கழன்று ஓடும்.

இருபது நிமிஷம் போதும்

டெஸ்ட் டிரைவ் கேட்டால் ஷோரூம்காரர்கள் நல்ல ரோட்டில் ஒரு ரவுண்டு அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அது உதவாது. "ரெண்டு பேரும் போகணும், இருபது நிமிஷம் வேணும்" என்று கேளுங்கள். மூன்று நாலு ஸ்பீடு பிரேக்கர், கொஞ்சம் மோசமான ரோடு, ஒரு மேம்பாலம். வழக்கமாக எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள், கைப்பையோடு. முடியாது என்றால், அந்த வண்டி வைத்திருக்கும் உறவினரிடம் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

இந்த இருபது நிமிஷமும் அம்மணியின் பொறுப்பு. மெதுவாகப் பிரேக் போட்டாலே அவர் மேல் சரிகிறீர்களா? ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டுகிறதா? உங்கள் பாதம் அவர் கணுக்காலில் இடிக்கிறதா? ஸ்பீடு பிரேக்கரில் அடி எங்கே தெரிகிறது, தொடையிலா, வால் எலும்பிலா? வால் எலும்பில் என்றால் ஸீட் பின்பக்கம் குழிவாக இருக்கிறது. இறங்கியதும் பத்தடி நடந்து பாருங்கள். முதல் நாலு அடி நொண்டி நொண்டி வைத்தீர்களானால், கலர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு வண்டி பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியாச்சு, இப்போது என்ன செய்வது என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் இது. இரட்டை ஷாக் அப்ஸார்பர் உள்ள வண்டிகளில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஐந்து, ஆறு படிகள். தனியாகப் போவதற்கென்று அதைத் தளர்வாக வைத்திருந்து அப்படியே இரண்டு பேர் ஏறினால், ஸ்பிரிங் பாதிக்கு மேல் அமுங்கிவிடும். அடுத்த பள்ளத்தில் 'டங்' என்று அடி தட்டும். அந்த 'டங்' நேராகப் பின்னால் இருப்பவரின் முதுகெலும்பில்! வண்டியோடு தருகிற டூல் கிட்டில் கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் கிடக்கும். அதை வைத்து இரண்டு படி ஏற்றினால் போதும். தெரியாவிட்டால் மெக்கானிக் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடுவார். பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிப்பதும் இதனால் குறையும்.

டயர் காற்றும் அப்படியே. ஒருவர் போக ஓர் அளவு, இருவர் போக ஓர் அளவு என்று கம்பெனி கையேட்டிலேயே போட்டிருக்கும். பல வண்டிகளில் செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரும் இருக்கும். 'முப்பது வை' என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல் அதைப் பார்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதும் அதே கையேட்டில் இருக்கிறது. ஐயா 78, அம்மா 64, பை 10, மொத்தம் 152 கிலோ என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸீட் மட்டும்தான் பிரச்னை என்றால் வண்டியை விற்க வேண்டாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை பக்கம் போல ஒவ்வொரு ஊரிலும் ஸீட் வேலை செய்கிறவர்கள் உண்டு. 'மேலே இன்னும் ரெண்டு இஞ்ச் ஃபோம் போடுங்க' என்று சொல்லாதீர்கள். உயரம்தான் கூடும். 'ஃபோமைக் கெட்டியா மாத்துங்க, பின்பக்கக் குழியைச் சமமாக்குங்க' என்று சொல்லுங்கள்.

யாருக்கு வேண்டவே வேண்டாம்?

டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குகிறவர்கள், சமீபத்தில் முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் பின்ஸீட்டில் ஏறக் கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்கள் பலருக்கு ஆஸ்டியோபொரோஸிஸ் என்கிற எலும்பு மெலிவு இருக்கும், இருப்பதே தெரியாது. இப்படி மெலிந்த எலும்புக்கு ஒரே ஒரு முரட்டு ஸ்பீடு பிரேக்கர் போதும், முதுகுக் கண்ணி நசுங்கிவிட. பயணத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் சுரீர் என்று வலித்து, படுத்தால் குறைந்து, எழுந்தால் கூடினால் 'வாயு பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். கர்ப்பிணிகளுக்கு டூவீலரையே தவிர்க்கச் சொல்லும் டாக்டர்கள்தான் அதிகம். வயிறு வளர வளர சமநிலையும் மாறும். விழுந்தால் அடி இரண்டு உயிருக்கு.

குழந்தையை நடுவில் ஸாண்ட்விச் மாதிரி வைத்து மூன்று பேராகப் போவதற்குச் சட்டத்திலும் இடமில்லை, எந்த வண்டியிலும் இடமில்லை. ஓட்டுகிறவர் தவிர ஒருவர்தான். நாலு வயதுக்கு மேல் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற பட்டை, குழந்தைக்கேற்ற ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது.

புது வண்டி வந்த பிறகு முதல் ஒரு வாரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப் பழக்கம் பண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ம், ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர் ஏற வேண்டும். "உட்கார்ந்தாச்சு" என்று குரல் வந்த பிறகுதான் கியர். இறங்கும்போதும் இதே முறை. பெரிய வண்டிகள் நின்ற இடத்தில் சாய்வது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வழியில் ஸ்பீடு பிரேக்கர் வந்தால், ஓட்டுகிறவர் இரண்டு விநாடி முன்னாலேயே "பள்ளம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். பின்னால் இருப்பவர் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்திக்கொள்வார். மகாபலிபுரமோ காஞ்சிபுரமோ போனால் முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். நின்றபடியே இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, முதுகை மெதுவாகப் பின்னால் வளைத்து, நாலைந்து தடவை மூச்சை இழுத்து விட்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.